அணிசேரா நடுவர்

திருவள்ளுவர் ஆண்டு 2056, ஆடி 15, வியாழன்

மருத்துவர் என் தொண்டைக்குள் விளக்கடித்துப் பார்த்துவிட்டுக் குரல்நாணில் சிறு முடிச்சு என்றார். கொஞ்ச நாளைக்குப் பேசக்கூடாதாம். எத்தனை நாளைக்கு என்று கேட்க வாயெடுத்தேன். "பாத்தீங்களா, பேசறீங்க" என்றார். ஆகவே இந்த நாட்குறிப்பு. எழுத்தில் என்ன முழங்கினாலும் கைதட்டல் விழாது என்பது ஒன்றுதான் குறை.

தமிழ் நாள்தான் இடுவேன் என்பது என் கொள்கை. அந்தத் தமிழ் நாளை அறிய மளிகைக்கடை நாள்காட்டியின் அடியில் கடுகளவு அச்சிட்டிருப்பதை மூக்குக்கண்ணாடி அணிந்து தேடுகிறேன் என்பது என் நடைமுறை.

நான் புலவர் அரங்கவேந்தன். பள்ளிச் சான்றிதழில் ரங்கசாமி. மாற்றிக்கொண்டது இருபத்திரண்டாம் அகவையில். திருமணம் முடிந்த கையோடு துளசிமணியைத் துழாய்மணி ஆக்கினேன். அப்பெயர் சொல்லி அழைத்தால் அவள் இன்றுவரை திரும்பிப் பார்த்ததில்லை.

காலையில் செய்தி வந்தது. நம் நாட்டுப் பொருள்களுக்கு இருபத்தைந்து விழுக்காடு வரி என்று அமெரிக்கா அறிவித்துவிட்டது. மருமகன் யுவராஜ் வந்தார். திருப்பூரில் அவர் நடத்துவது குழந்தைகளுக்கான பின்னலாடைக் கூடம். தைப்பதில் பெரும்பகுதியும் ஒரே ஓர் அமெரிக்கக் கடைக்குப் போகிறது. இட்டலியைப் பிட்டார், வைத்தார், மறுபடி பிட்டார். உண்ணவில்லை.

"அங்க வாங்கற பையர் என்ன சொல்வாங்களோ தெரியலீங்க மாமா. ஆர்டர் நின்னா தையல் செக்சன மூடறதத் தவிர வேற வழியில்லீங்க."

ஆறுதல் சொல்ல எனக்கு மூன்று அடுக்குச் சொற்றொடர் ஒன்று உருவாகிவிட்டது. மருத்துவர் காப்பாற்றினார், என்னையல்ல, யுவராஜை.

ஆடி 17, சனி

தமிழ்ச்சுடர் மன்றத்தின் செயலாளர் மோகனசுந்தரம் வந்தார். வரிவிதிப்பைக் கண்டித்துப் பொதுக்கூட்டமாம். கண்டனப் பேருரை நான்.

நாடி நரம்பெல்லாம் துடித்தது. "வஞ்சக வரியே! வணிகப் புலியே!" என்று தொடக்கமும் வாய்த்துவிட்டது. தாளில் எழுதிக் காட்டினேன். மோகனசுந்தரம் கண் கலங்கினார். அவர் எதற்கும் கலங்குவார், நன்றியுரைக்கே கலங்குபவர்.

அப்போதுதான் மகள் யாழ்மொழி உள்ளே வந்தாள். கணவர் யுவராஜின் கூடத்தில் வெளிநாட்டு வணிகர்களோடு பேசுவதும் எழுதுவதும் அவள் பொறுப்பு.

"என்னுங்ப்பா, கண்டனமா? அமெரிக்காவுல இருந்து நம்ம பையர் டெபரா வர்றாங்க. ஆர்டர விடறதா வெச்சுக்கறதான்னு பேச. ஊரெல்லாம் போஸ்டர்ல உங்க மொகத்தப் போட்டு அவங்க நாட்டத் திட்டீட்டு, நம்ம வீட்டுக்கு அவங்களச் சாப்பிடக் கூப்பிடட்டுங்களா?"

"அப்பாவுக்குப் பேச்சே கூடாதுன்னு டாக்டர் சொல்லீருக்கார், நீ வேற" என்றாள் துளசிமணி.

"கண்டனம் வேண்டாம் அம்மிணி. பட்டிமன்றமா மாத்தீரலாம்" என்றார் மோகனசுந்தரம். "விடுதலைத் திருநாள் சாயங்காலம். 'நம் நாட்டின் உற்ற துணை அமெரிக்காவா, இரசியாவா?' ஐயா நடுவர். நடுவர் யாரையும் திட்ட வேண்டியதில்லையே!"

நாற்பதாண்டு மேடை வாழ்வில் நான் என்றும் நடுவராக இருந்ததில்லை. ஓர் அணியில் நின்று மறு அணியைத் தூளாக்குவதே என் தொழில். அது எந்த அணி என்பதை அழைப்பவர் முடிவு செய்வார். ஆயினும் தலையசைத்தேன். யாழ்மொழியின் முகத்தில் ஒரு நிம்மதி. கொள்கைக்காகத்தான் ஒப்பினேன் என்று இங்கே பதிந்து வைக்கிறேன். நடுவருக்குத்தான் கடைசிப் பேச்சு, அதுவே நீண்ட பேச்சு என்பது ஒப்பியபின் நினைவுக்கு வந்த செய்தி.

ஆடி 22, வியாழன்

நேற்று இன்னோர் இருபத்தைந்து. இரசியாவிடம் எண்ணெய் வாங்குவதற்குத் தண்டமாம். ஆவணி பதினொன்றிலிருந்து ஆக ஐம்பது விழுக்காடு.

துளசிமணி வாசலில் என் வண்டியைப் பார்த்தபடி நின்றாள்.

"ஏனுங், இதுக்கு ஊத்துற பெட்ரோலு ரசியாவுதுங்களா?"

'இருக்கலாம்' என்று தாளில் எழுதினேன்.

"அப்ப நீங்க தெனமும் மன்றத்துக்கு வண்டியில போறதுனாலதான் மாப்பிள்ளைக்கு ஆர்டர் நிக்குது. நடந்து போங்கொ."

உலக அரசியலை இவ்வளவு சுருக்கமாக நான் எந்த மேடையிலும் சொன்னதில்லை. நடந்தே போனேன்.

நாட்டை ஆள்பவர்களை எண்ணிப் பார்த்தேன். எண்ணெய் ஒரு பக்கம், சந்தை மறுபக்கம். ஒருவனிடம் வாங்கினால் மற்றவன் அடிக்கிறான். வாங்காவிட்டால் வீட்டில் அடுப்பெரியாது. இரு பெரும் சம்பந்திகளுக்கு நடுவே மணப்பந்தலில் நிற்கும் பெண்ணின் தந்தை போல நாடு சிரித்துக்கொண்டே நிற்கிறது. இந்த உவமை நன்று. மேடைக்கு ஆகும்.

ஆடி 25, ஞாயிறு

இரசிய வணிகர் ஒருவரை யுவராஜ் அழைத்து வந்தார். பெயர் ஓலெக். ஆறடி. மாஸ்கோவுக்கு அருகே ஏதோ ஊரில் துணிக்கடைகள். குளிர்கால உள்ளாடை வேண்டுமாம்.

நட்புறவைப் பாராட்டி நான்கு வரி பேச எனக்கு இசைவு கிடைத்தது. மெல்லிய குரலில், பனிமலையும் பொதிகைமலையும் கைகோப்பதாகச் சொன்னேன். யுவராஜ் அதை ஆங்கிலத்தில் ஒரே சொல்லில் முடித்தார். ஓலெக் தலையாட்டிவிட்டு, விலையைக் குறைக்க முடியுமா என்று கேட்டார்.

துளசிமணி பணியாரத்துக்குக் காரச் சட்னி வைத்தாள். மனிதருக்குக் கண்ணீர் வழிந்தது. நட்பின் உருக்கம் என்று எண்ணினேன். இன்னும் கொஞ்சம் சட்னி கேட்டார்.

அவர் போனபின் யுவராஜ் நாற்காலியில் சாய்ந்தார். "ரசியாக்காரன் கேக்கற ரேட்டுக்குத் தெச்சா ஒண்ணும் மிஞ்சாதுங்க மாமா. நட்பு நட்புங்கறீங்க, அமெரிக்காக்காரிகூட இப்படிக் கறக்கலீங்க."

ஆடி 26, திங்கள்

குரல் சற்றுத் தெளிவு. குளியலறையில் ஒரு முறை "பெருமக்களே!" என்று சொல்லிப் பார்த்தேன். துளசிமணி கதவைத் தட்டினாள்.

ஆடி 28, புதன்

டெபரா வந்தார். நரைத்த குட்டைமுடி, களைத்த கண்கள், கையில் எந்நேரமும் ஒரு தண்ணீர்க் குடுவை. வல்லரசை நேரில் காண்கிறேன் என்று நெஞ்சை நிமிர்த்தி நின்றேன். வல்லரசு செருப்பை வாசலில் கழற்றிவிட்டு, கால் கழுவத் தண்ணீர் எங்கே என்று செய்கையால் கேட்டது.

அணிசேராமையின் அடுக்களை விதிகள் கடுமையானவை. ஓலெக்குக்கு எத்தனை பணியாரமோ டெபராவுக்கும் அத்தனை. அவருக்கு வைத்த சட்னியே இவருக்கும். "ஒருத்தருக்கு ஒண்ணு கூட வெச்சா நாளைக்கு இன்னொருத்தருக்குச் சேதி போயிருமுங்" என்றாள் துளசிமணி. வெளியுறவுத் துறைக்கு இவளை அனுப்பலாம். அங்கேயும் யாருடைய பெயரையும் மாற்றி அழைக்க மறுப்பாள்.

உண்டு முடித்து டெபராவும் யாழ்மொழியும் மாடியில் நெடுநேரம் பேசினார்கள். இறங்கி வந்த மகளிடம் என்ன ஆயிற்று என்று கேட்டேன்.

"வரியில பாதிய நம்மள ஏத்துக்கச் சொல்றாங்க. மேல பேசீட்டுச் சொல்றேன்னாங்க."

"நான் ஒரு சொல் சொல்லிப் பார்க்கட்டுமா, கண்ணு?"

"வேண்டாமுங்ப்பா" என்றாள். அவ்வளவு விரைவாக மறுத்திருக்க வேண்டாம்.

ஆடி 30, வெள்ளி. விடுதலைத் திருநாள்

இந்த நாளை உள்ளபடி எழுதிவிடுகிறேன். நாளை என் நினைவு இதற்கு மெருகேற்றிவிடும்.

பட்டிமன்றப் பேச்சாளர்கள் அறுவரும் கோவையிலிருந்து ஒரே வேனில் வந்தார்கள். தொழிலின் வழக்கம் அது. மேடையில் ஒருவரையொருவர் கிழித்துக்கொள்வோர், வழியில் ஒரே கடையில் போண்டா தின்று, யார் யாரை எந்த இடத்தில் கேலி செய்வது என்று பேசி முடித்துக்கொண்டே ஏறுவார்கள். "ஐயா, நான் உங்க வழுக்கையச் சொல்வேன், தப்பா எடுத்துக்காதீங்க" என்று ஒரு பேராசிரியை முன்னிசைவு வாங்கினார். தீர்ப்பையும் செயலாளர் என் காதில் ஓதினார்: "ரெண்டு பேரும் வேணும்னு முடிச்சிருங்க ஐயா. முன்வரிசையில ரெண்டு நாட்டாளும் இருக்காங்க."

இருந்தார்கள். இடப்புறம் டெபரா, வலப்புறம் ஓலெக், நடுவே எல்லைக்கோடாகத் துளசிமணி. டெபராவின் காதில் யாழ்மொழியும் ஓலெக்கின் காதில் யுவராஜும் ஆங்கிலத்தில் சொல்லிக்கொண்டிருந்தார்கள். பொன்னாடை போர்த்தியபோது டெபரா ஒலிவாங்கியில் "வணக்கம்" என்றார். அரங்கம் அதிர்ந்தது. நாற்பதாண்டு தூய தமிழ் பேசிய எனக்கு அந்தக் கைதட்டலில் பாதி விழுந்திருந்தால் இந்நேரம் என் பெயரில் ஒரு தெருவே இருக்கும்.

பேச்சாளர்கள் பேசினார்கள். ஒருவர் அமெரிக்காவைக் கடித்தார், கைதட்டல். அடுத்தவர் இரசியாவைக் கடித்தார், கைதட்டல். நான் நடுவே அமர்ந்து, "இரு தரப்பிலும் வலுவான கருத்துகள்" என்றேன். ஒருவரும் தட்டவில்லை. மறுபடி, "நயமாக எடுத்துரைத்தார்" என்றேன். பின்வரிசையில் ஒருவர் எழுந்து வெளியே போனார். நடுவுநிலை என்பது பசித்தவன் பந்தி பரிமாறுவது. இது யாரும் எனக்குச் சொல்லித் தராத பாடம்.

இறுதியாகத் தீர்ப்புக்கு எழுந்தேன். "இருவருமே வேண்டும்" என்பதற்கு முன்னால் சிறு முன்னுரை போதும் என்றுதான் தொடங்கினேன். எங்கிருந்தோ வந்தது அந்த வரி: "எங்கள் பிள்ளைகள் தைத்த சட்டையை அணிந்துகொண்டே எங்கள் கழுத்தில் கைவைக்கும் வல்லரசே!"

அரங்கம் எழுந்தது. நானும் எழுந்தேன், முன்பே நின்றுகொண்டிருந்தவன் இன்னும் எழுந்தேன். கப்பலைச் சொன்னேன், கடலைச் சொன்னேன், வரி விதித்த பேனாவின் மூடியைக்கூட விட்டுவைக்கவில்லை. அப்போதுதான் கண்ணில் பட்டாள் யாழ்மொழி. டெபராவின் காதருகே இருந்த அவள் வாய் அசைவதை நிறுத்தியிருந்தது. என்னையே பார்த்தாள்.

திடுக்கிட்டேன். சமன் செய்ய வேண்டும். எப்படி? அமெரிக்காவைத் தணிக்கலாம். ஆனால் தணிந்த பேச்சுக்கு யார் தட்டுவார்? ஆகவே வலப்புறம் திரும்பினேன். "நீ மட்டும் என்ன? எண்ணெய் விற்ற உனக்கு எங்கள் தலையில் விழுந்த அடியில் பங்கில்லையா? நட்பென்று தோளில் கைபோட்டு விலையைக் குறைக்கும் பனிக்கரடியே!" இதற்கும் அதே அளவு கைதட்டல். உலகிலேயே கச்சிதமான அணிசேராமை: இருவரையும் சரிபாதியாக இழிவுபடுத்திவிட்டேன்.

தீர்ப்புச் சொல்ல மூச்சிழுத்தேன். "ஆகவே..." என்றதும் குரல் அறுந்தது. காற்றுதான் வந்தது. உணர்ச்சிப் பெருக்கால் விம்முகிறேன் என்று கருதி மக்கள் எழுந்து நின்று தட்டினார்கள். மோகனசுந்தரம் அழுதார். நாட்டுப்பண் பாடிக் கூட்டம் கலைந்தது. தீர்ப்பு வரவில்லை என்பதை ஒருவர்கூடக் கவனிக்கவில்லை. நிறைவோடு வீடு சென்றார்கள்.



ஆடி 31, சனி

அலாஸ்காவில் இரு வல்லரசுத் தலைவர்களும் கைகுலுக்கி ஒரே சீருந்தில் ஏறிச் சென்றார்களாம். நேற்று நான் இங்கே இருவரையும் கிழித்த அதே நாளில். இவர்களும் வேனில் ஒன்றாக வந்தவர்கள்தாம் போலும். வழியில் போண்டா தின்றிருப்பார்கள்.

மோகனசுந்தரம் என் முழக்கத்தைக் கைப்பேசிகளில் பரப்பிவிட்டார். அவர் பேரன் கீழே ஆங்கில வரிகளும் சேர்த்திருக்கிறான். பார்த்தவர் நூற்று நாற்பது பேர். வாசிங்டன் இதை எப்போது காணும்?

டெபரா விடியலிலேயே வானூர்தி ஏறிவிட்டார். என்னிடம் சொல்லிக்கொள்ளவில்லை.

ஆவணி 2, திங்கள்

அமெரிக்கக் கடை ஆர்டரை நிறுத்திவைத்துவிட்டது. யுவராஜ் தலையைப் பிடித்துக்கொண்டு அமர்ந்திருந்தார்.

எனக்குத் தெரியும், யாரால் என்று. என் நா. என் ஒரே ஒரு சொற்றொடர் கடல் கடந்து சென்று ஒரு வணிகக் கோட்டையை அசைத்து, என் மகளின் தொழிற்கூடத்தின் மேல் விழுந்துவிட்டது. சொல்லின் ஆற்றலை வாழ்நாளெல்லாம் மேடையில் பேசியவன், அதன் விலையை என் மகள் கொடுக்கக் கண்டேன். என்ன கொடுமை! என்ன பெருங்கொடுமை!

(இந்தப் பத்தியை நான்கு முறை திருத்தினேன்.)

துளசிமணி உணவை மேசையில் வைத்துவிட்டு, பாத்திரம் கழுவுவதில் தேவைக்கு மேல் ஓசை எழுப்பினாள்.

ஆவணி 3, செவ்வாய்

காணொளி: நூற்று எண்பத்தாறு. அதில் நானே பார்த்தது எத்தனை முறை என்று எண்ணவில்லை.

ஆவணி 5, வியாழன்

இனியும் பொறுக்க முடியாது என்று யாழ்மொழியின் கூடத்துக்கே சென்றேன். அவள் துணி மாதிரிகளை மடித்து அட்டையில் ஒட்டிக்கொண்டிருந்தாள். குரல் இல்லாததால் கிசுகிசுப்பில்தான் சொன்னேன்.

"கண்ணு, என்னால்தான் எல்லாம். நானே அவர்களுக்கு மன்னிப்புக் கேட்டு எழுதுகிறேன். உலகறியக் கேட்கிறேன்."

நிமிர்ந்து பார்த்தாள். முகத்தில் சினமில்லை. அதுதான் எனக்கு முதலில் அச்சமூட்டியது.

"எதுக்குங்ப்பா மன்னிப்பு?"

"என் உரையால்தானே ஆர்டர் நின்றது?"

"ஐயோ அப்பா. ஆர்டர் நிக்குதுன்னு பதினாலாந்தேதியே டெபரா எங்கிட்டச் சொல்லீட்டாங்க. உங்க பட்டிமன்றத்துக்கு மொத நாளே. ஐம்பது பர்சென்ட்ல யாருனாலயும் வாங்க முடியாது. எழுத்துல வந்தது மட்டுந்தான் திங்கக்கெழம."

"பிறகு ஏன் அவரைப் பட்டிமன்றத்துக்கு..."

"பாவமுங்ப்பா, அவங்க. பத்து வருசமா நம்மகிட்ட வாங்கறாங்க. ஆர்டரக் காப்பாத்த ஒரு வாரமா மேல சண்டை போட்டுப் பாத்தாங்க. அவங்க வேலையே இருக்குமோ இல்லையோ. ரூம்ல தனியா உக்காந்துட்டு என்ன பண்றது, வாங்க, எங்கப்பா பேசறார்னு கூட்டீட்டுப் போனேன்."

"நான் பேசியது அவருக்கு..."

"மொத ரெண்டு வரி சொன்னேன். அப்புறம் எனக்கே சொல்ல வாய் வரல. அவங்களே, 'பரவால்ல விடு, கேக்கறக்கு நல்லாருக்கு'ன்னாங்க. கடைசீல நீங்க அழுதீங்கன்னு நெனச்சு அவங்களும் அழுதாங்க."

"ஓலெக்?"

"அவரு தூங்கீட்டாருங்ப்பா."

மகள் என்னை விடுதலை செய்துவிட்டாள். குற்றமற்றவன் நான். வீடு திரும்பும் வழியெல்லாம் மகிழ முயன்றேன். பேரழிவுக்குக் காரணமானவன் என்ற பட்டம் மூன்று நாள்தான் நீடித்தது. அதற்குள் அதன் கனம் என் தோளுக்குப் பழகிவிட்டிருந்தது.

நாடாளுமன்றத்தில் முழங்குவோருக்கும் இப்படி ஒரு மகள் இருப்பாளா என்று தெரியவில்லை. இருந்தால் சொல்லாமல் இருப்பதே நாட்டுக்கு நல்லது.

ஆவணி 6, வெள்ளி

எழுத ஒன்றுமில்லை. காணொளியை இன்று பார்க்கவில்லை.

ஆவணி 11, புதன்

பிள்ளையார் சதுர்த்தி. வரியும் இன்றுதான் நடைமுறைக்கு வந்தது. கொழுக்கட்டை வழக்கம்போல் வெந்தது.

யுவராஜ் உள்ளறைக்கு அழைத்துச் சென்று கதவைச் சாத்தினார்.

"மாமா, தையல் செக்சன்ல பாதிப்பேர நாளைக்கு நிறுத்தியாகோணுங்க. அவங்க மொகத்தப் பாத்து எனக்குச் சொல்ல வராதுங்க. நீங்க பெரியவங்க, பேசிப் பழகுனவங்க. நீங்க சொன்னா கேப்பாங்க."

"குரலே இல்லையே."

"அதுவே நல்லதுங்க." பிறகு நாக்கைக் கடித்துக்கொண்டார். "அதில்லீங்க... மெதுவாச் சொன்னாப் போதும்னு சொன்னேன். திரும்பக் கூப்பிடுவோம்னு மட்டும் சொல்லீராதீங்க. மாட்டோம்னும் சொல்லீராதீங்க. ரெண்டுக்கும் நடுவுல ஏதாச்சும். உங்களுக்குத் தெரியாததுங்களா?"

தெரியும். ஆடி பதினேழிலிருந்து அதைத்தானே பயின்றுகொண்டிருக்கிறேன்.

மாலை முழுதும் உரை எழுதினேன். "காலச் சூழலின் கடும் நெருக்கடியில், இரு பெரும் ஆற்றல்களின் மோதலிடையே..." என்று தொடங்கி, "உரிய வேளையில் உரிய முடிவு உரியோரால் எடுக்கப்படும்" என்று முடித்தேன். அழகாக அமைந்தது. அதில் எங்கும் ஒரு மனிதர்கூட இல்லை.

ஆவணி 12, வியாழன்

தையற்பொறிகளை நிறுத்தினார்கள். அந்த அமைதியை நான் எந்த அரங்கிலும் கேட்டதில்லை.

தைப்பவர்களில் பாதிப்பேர் இந்த ஊர்ப் பெண்கள். மறுபாதி ஜார்க்கண்டு, ஒடிசா, பீகார். இந்தி ஆதிக்கத்தை எதிர்த்து இவ்வூர்த் தெருக்களில் தொண்டை கிழிய முழங்கியவன் நான். இன்று கிழிந்த தொண்டையோடு அவர்கள் முன்னால் நின்றேன். அருகில் இந்தியில் சொல்ல ஒரு கண்காணிப்பாளரை யுவராஜ் நிறுத்தியிருந்தார்.

படிக்கத் தொடங்கினேன். "காலச் சூழலின் கடும் நெருக்கடியில்..."

பின்வரிசைப் பொறியிலிருந்து ஒரு பெண் எழுந்தாள். சுனிதா என்று பின்னர் அறிந்தேன். ஜார்க்கண்டுக்காரி. எட்டாண்டாக இங்கே.

"ஐயா, இந்தியில சொல்ல வேண்டாமுங்க. எங்களுக்குத் தமிழ் தெரியுமுங்க. நீங்க சொல்றதுதான் தெரியலீங்க."

சிரிப்பு எழுந்தது. உள்ளூர்ப் பெண்கள்தாம் முதலில் சிரித்தார்கள். அவர்களுக்கும் புரியவில்லை போலும். நானும் சிரித்தேன். தாளை மடித்துப் பையில் வைத்தேன்.

"அமெரிக்காவில் வரி போட்டுவிட்டார்கள்" என்றேன். "ஆர்டர் நின்றுவிட்டது. பாதிப்பேருக்கு நாளையிலிருந்து வேலை இல்லை."

அவ்வளவுதான். என் வாழ்நாளின் மிகச் சிறிய உரை. யாரும் தட்டவில்லை. யாரும் அழவுமில்லை. ஒரு பெண் கழுத்திலிருந்த அளவுநாடாவைக் கழற்றி விரலில் சுற்றிக்கொண்டிருந்தாள்.

சுனிதா உட்காரவில்லை. "ஏனுங்கய்யா, வரி எறங்குனா எங்கள மறுக்காக் கூப்பிடுவீங்களா? இல்ல வேற ஆள எடுத்துக்குவீங்களா? கூப்பிடுவீங்கன்னா இங்கியே ஏதாவது வேல பாத்துட்டு இருப்போமுங்க. இல்லீன்னா ஊருக்கு வண்டி ஏறோணும். புள்ளயப் பள்ளிக்கூடத்துல இருந்து நிறுத்தோணும்."

யுவராஜ் என் முழங்கையைத் தொட்டார். உரிய வேளையில் உரிய முடிவு நா நுனியில் நின்றது. பரிசீலிப்போம், பார்ப்போம், சூழல் சரியானதும்: எல்லாம் அணிவகுத்து நின்றன. உலகின் எல்லா அமைச்சர்களும் இந்நேரம் இவற்றில் ஒன்றைச் சொல்லிக்கொண்டிருப்பார்கள். நானும் சொல்லியிருப்பேன். ஆனால் அந்தப் பெண் என்னிடம் உரை கேட்கவில்லை. வண்டி ஏறுவதா இல்லையா என்று கேட்டாள்.

"கூப்பிடுவோம்" என்றேன்.

ஆவணி 13, வெள்ளி

யுவராஜ் என்னோடு பேசவில்லை. துளசிமணியிடம் பேசினார், நான் கேட்கும்படி.

"அத்தை, மாமா பாட்டுக்கு மாட்டி உட்டுட்டுப் போயிட்டாரு. கம்பெனி யாருதுங்க? நாளைக்கு ஆர்டர் வரலீன்னா அந்தப் பொண்ணுக மொகத்துல எப்படி முழிக்கறது?"

"அவரு எத்தன வருசமா என்னென்னமோ சொல்லீருக்காரு, யாரு கேட்டா? விடுங்க மாப்பிள்ள" என்றாள் துளசிமணி.

"இந்த வாட்டி கேட்டுட்டாங்களே அத்தை!"

யாழ்மொழி குளம்பியை ஆற்றிக்கொண்டிருந்தாள். "ஓலெக் ஆர்டர எடுத்துக்கலாம்" என்றாள்.

"அந்த ரேட்டுக்கா? பைத்தியமா உனக்கு? அதுல ஒண்ணும் மிஞ்சாது."

"மிஞ்சாதுதான். மெஷின் ஓடும். முன்னப் பாதிய ஓட்டிக்கலாம், பின்னப் பாதிக்கு டெபராவையே வேற நாட்டுக் கடைங்களக் கேக்கச் சொல்லீருக்கேன். அப்பா சொன்னது சொல்லீட்டாருங்க. இல்லீன்னு போயி யாரு சொல்றது? நீங்க சொல்றீங்களா?"

யுவராஜ் எழுந்து வெளியே போனார். ஓலெக்கைத் தொலைபேசியில் அழைத்தார். மனிதர் எடுத்தவுடன் விலையை இன்னும் கொஞ்சம் குறைக்கச் சொன்னார் என்று வெளியே கேட்ட வசவுகளிலிருந்து அறிந்தேன்.

நான் ஏன் அப்படிச் சொன்னேன் என்று எழுத வேண்டும். துணிவு என்று எழுதலாம், பொய். குரல் இல்லாததால் நீளமாகச் சொல்ல முடியவில்லை என்பது ஓரளவு உண்மை. மீதியை எழுதிப் பார்த்து அடித்துவிட்டேன்.

ஆவணி 14, சனி

பிற்பகல் யாழ்மொழியோடு தையற்கூடம் சென்றேன். முன்பாதியில் ஓலெக்கின் உள்ளாடைக்கான மாதிரிகள் ஓடிக்கொண்டிருந்தன. பின்பாதி வெறுமை.

தைப்பவர்கள் தம் முக்காலிகளில் பழந்துணியால் சிறு மெத்தை தைத்துக் கட்டிக்கொள்வது இங்கே வழக்கம். வேலையை விட்டுப் போகிறவள் முதலில் அவிழ்த்து எடுப்பது அதைத்தான். அடுத்த கூடத்தில் கட்டிக்கொள்ள வேண்டுமே. பின்பாதியில் ஒரு மெத்தைகூட அவிழ்க்கப்படவில்லை. பூப்போட்டவை, கோடு போட்டவை, மழலையர் சட்டைத் துணியில் தைத்தவை. வரிசையாக அப்படியே இருந்தன. சுனிதாவின் மெத்தையில் முடிச்சு இரட்டையாகப் போடப்பட்டிருந்தது.

நாற்பதாண்டாக என் சொல்லுக்குக் கைதட்டியிருக்கிறார்கள், அழுதிருக்கிறார்கள், பொன்னாடை போர்த்தியிருக்கிறார்கள். நம்பியதாக எனக்கு நினைவில்லை.

"கண்ணு, நம்மால் இவர்களைக் கூப்பிட முடியுமா?"

யாழ்மொழி அந்த வரிசையைப் பார்த்தபடியே நின்றாள்.

"தெரியலீங்ப்பா" என்றாள். "ஆனாக் கூப்பிடோணும்."

பின்பாதி விளக்குகளை அணைத்தாள். முன்பாதி ஓடிக்கொண்டிருந்தது.